சாவிப் பாட்டு: தனியாகப் பாட்டு கட்டத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நான் முதன்முதலில் ஃப்யூஷன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு செய்த பாட்டில் ஒரு எலக்ட்ரானிக் பீட் ஓடும், அதன் மேல் எங்கிருந்தோ எடுத்த வீணை லூப் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும், நடுவில் காரணமே இல்லாமல் ஒரு டிஸ்டார்ஷன் கிட்டார் வந்து கத்திவிட்டுப் போகும். அதைக் கேட்ட நண்பர் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்து யோசித்துவிட்டு, "பக்கத்து அறையில் வேற ஏதாவது பாட்டு ஓடுதா?" என்றார். கிண்டல் இல்லை, அவருக்கு நிஜமாகவே சந்தேகம்.

அந்தப் பாட்டு எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது. ஆனால் அதிலிருந்து கற்றுக்கொண்ட ஒரு விஷயத்தை வைத்துத்தான் இன்றுவரை பாட்டு கட்டுகிறேன், அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். பொதுவாகப் பேசினால் ஒன்றும் ஒட்டாது என்பதால் ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு விதையிலிருந்து டெமோ (மாதிரிப் பதிவு) வரை கூட்டிப்போகிறேன். ச ரி க ம தெரிந்தால் போதும். கீபோர்டிலோ கிட்டாரிலோ நாலு கார்ட் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரங்கள்) பிடிக்கத் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது, தெரியாவிட்டாலும் கை தட்டத் தெரியும் அல்லவா, அதில் தொடங்கலாம்.

முதலில் உங்கள் காதைச் சோதனை போடுங்கள்

என்ன மாதிரி இசை கேட்பீர்கள் என்று யாராவது கேட்டால் "எல்லாமே கேட்பேன்" என்றுதான் சொல்வோம். பாட்டு கட்ட அந்தப் பதில் உதவாது. நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற பத்துப் பாட்டுகளை எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே உங்களை எது இழுத்தது என்று ஒரே ஒரு வரி. ஒரு நிபந்தனை உண்டு: ஜாஸ், கானா, ராக், கர்நாடகம் மாதிரி வகைப் பெயர் எதையும் எழுதக்கூடாது. "இரண்டாம் வரி முடிந்ததும் தாளம் சட்டென்று நின்று குரல் மட்டும் வருகிறது", "பேஸ் கொஞ்சம் சோம்பேறித்தனமாகப் பின்னால் நடக்கிறது", "கடைசி ஸ்வரத்தை முழுசாகத் தொடாமலே விட்டுவிடுகிறார்" என்கிற மாதிரி, காதில் விழுந்ததை மட்டும் எழுதுங்கள்.

நான் இதைச் செய்தபோது எனக்கே ஆச்சரியம். நான் மெட்டுக்கு மயங்குகிறவன் என்று பல வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன், பட்டியலில் ஆறு வரிகள் தாளத்தைப் பற்றி இருந்தன. அதிலும் அடி விழ வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ விழுகிற தாளங்கள். உங்களுக்கு வேறு ஏதாவது வரும். எது வந்தாலும் உங்கள் பாட்டில் முதலில் கவனிக்க வேண்டிய இடம் அதுதான்.

விதைகளைப் பிடித்து வைப்பது

இதில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. போனில் குரல் பதிவு இருக்கிறது, ஏதாவது முணுமுணுப்பு வந்தால் உடனே பதியுங்கள், நன்றாக இருக்கிறதா என்று அப்போதே யோசிக்காதீர்கள். ஒன்றை மட்டும் தவறாமல் செய்யுங்கள்: கோப்புக்குப் பெயர் வையுங்கள். "புதிய பதிவு 47" என்று கிடந்தால் ஆறு மாதம் கழித்து அது யாருக்கும் பயன்படாது. தேதி, அதில் வருகிற முதல் சொல், தோராயமான வேகம், இந்த மூன்றும் போதும். வாரத்துக்கு ஒருநாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேளுங்கள். பத்தில் ஒன்பது அசட்டுத்தனமாக இருக்கும், எனக்கும் அப்படித்தான்.

நம் பாட்டின் விதை ஒரு வாக்கியம். வீடு மாறிப் போன பிறகு பழைய வீட்டின் மாற்றுச் சாவி ஒன்று பையின் மூலையில் கிடந்தது. திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன், அந்த வீட்டுக்கு இனி அது பயன்படுமா என்றும் தெரியாது. "சாவி மட்டும்தான் கையில் உள்ளது" என்று சொல்லிப் பதிந்து வைத்தேன். மெட்டு இல்லை, வெறும் பேச்சு. விதை மெட்டாகத்தான் இருக்க வேண்டும் என்று காத்திருந்து காலத்தைப் போக்காதீர்கள். ஒரு வாக்கியம் இருக்கலாம், மேசையில் தட்டிய ஒரு தாளம் இருக்கலாம், இரண்டே ஸ்வரம் இருக்கலாம்.

ஓர் இசையிலிருந்து ஓர் அங்கம் மட்டும்

இந்தக் கட்டுரையே இந்தப் பகுதிக்காகத்தான். ஒரு பாட்டைப் பிரித்துப் பார்த்தால் தாளம், ஸ்வர வரிசை, அடியில் ஓடும் கார்ட்கள், பாட்டின் வடிவம், ஒலியின் நிறம், சொல் என்று தனித்தனி அடுக்குகள் தெரியும். நாலு வகை இசையைக் கலக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் கலப்பது ஒலியின் நிறத்தை மட்டும்தான். வீணையைப் போடுவார்கள், தபலாவைப் போடுவார்கள், சித்தாரில் ஓர் இழுப்பு இழுப்பார்கள், ஆனால் அடியில் தாளமும் கார்டும் வடிவமும் வழக்கமானதாகவே இருக்கும். என் வீணை லூப்பும் அந்தக் கதைதான். அது மேலே ஒட்டிய ஸ்டிக்கர், பாட்டின் எலும்பில் அதற்கு வேலையே இல்லை.

மாறாக, ஓர் இசை மரபிலிருந்து ஓர் அங்கத்தை மட்டும் எடுத்து அதைப் பாட்டின் எலும்பாக வைத்துப் பாருங்கள். தாளம் ஓரிடத்திலிருந்து, ஸ்வரங்கள் இன்னோர் இடத்திலிருந்து, வடிவம் மூன்றாவது இடத்திலிருந்து. ஓரிடத்திலிருந்து இரண்டு அங்கம் எடுத்தால் அந்த மரபு பாட்டை முழுசாகத் தன் பக்கம் இழுக்கத் தொடங்கிவிடும். அது தப்பில்லை, ஆனால் அப்புறம் நீங்கள் அந்த மரபுப் பாட்டைத்தான் செய்கிறீர்கள், கலவை இல்லை.

இது ஒன்றும் புதுசு கிடையாது. முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) ஐரோப்பிய பேண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்கு சமஸ்கிருதச் சொற்களை எழுதினார், நோட்டுஸ்வரங்கள் என்று இன்றும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதே ஐரோப்பியர்களிடமிருந்து வயலினைக் கற்றுக்கொண்டு கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். ஒரே குடும்பத்தில் அண்ணன் மெட்டை எடுத்தார், தம்பி கருவியை எடுத்தார், இரண்டு பேரும் முழுப் பொட்டலத்தையும் தூக்கிக்கொண்டு வரவில்லை. வந்த கருவியும் அப்படியே இருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்: கர்நாடக வயலினை ச-ப-ச-ப என்று சுருதி சேர்க்கிறார்கள், தரையில் உட்கார்ந்து அதன் தலைப்பகுதியைப் பாதத்தின் மேல் வைத்து வாசிக்கிறார்கள், இடது கைக்குத் தாங்கிப் பிடிக்கிற வேலை இல்லாததால் கமகத்துக்கு (ஸ்வரத்தை ஆட்டி இழுக்கிற அசைவுக்கு) அது தாராளமாக வழுக்கும். 1970களில் சக்தி என்ற இந்திய-ஜாஸ் கலவைக் குழுவில் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் தன் கிட்டாரின் ஃப்ரெட்களுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்) இடையே மரத்தைக் குழிவாகச் செதுக்கவைத்து வாசித்ததும் இதே காரணத்துக்காகத்தான், கம்பியை இழுத்து வளைக்க அப்போதுதான் இடம் கிடைக்கும். கலவை என்பது வேலை செய்கிற இடம் இதுதான், கருவியே கொஞ்சம் உடம்பை வளைத்துக்கொடுக்கிறது.

சாவிப் பாட்டுக்கு நான் போட்ட கணக்கு இது. தாளம் கியூபாவிலிருந்து. ஸ்வரங்கள் கர்நாடக ராகத்திலிருந்து. வடிவம் ப்ளூஸிலிருந்து. சொல் தமிழ். ஒலிக்கு ஓர் அக்கூஸ்டிக் கிட்டார், ஒரு சிந்தசைசர் பேஸ் (அடியில் ஓடும் கீழ் ஸ்வரங்கள்), கை தட்டல், அவ்வளவுதான். இதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள், பாதி வழியில் "ஒரு புல்லாங்குழல் சேர்த்தால் என்ன" என்று கை அரிக்கும்போது அது தடுக்கும்.

தாளம்: தகிட தகிட தக

எட்டு எண்ணிக்கையை இரண்டு நாலாகப் பிரிப்பதுதான் வழக்கம். அதையே 3 + 3 + 2 என்று பிரித்துத் தட்டிப் பாருங்கள்: தகிட, தகிட, தக. முதல் எழுத்தில் மட்டும் தட்டுங்கள், மற்றதை வாயால் சொல்லுங்கள். கியூப இசையில் இதை டிரெசியோ என்பார்கள். கரீபியத் தீவுகளிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் வரை பல இசைகளுக்கு அடியில் இந்த நடை கிடக்கிறது, ரெகேட்டோன் நடன இசையில் கிக் (பெரிய ட்ரம்) சீராக நாலு பீட்டையும் அடிக்க, அதன் மேல் ஸ்னேர் (கூர்மையாக ஒலிக்கும் சின்ன ட்ரம்) இந்த 3-3-2 கணக்கில்தான் குறுக்கே விழும்.

சொல்கட்டு தெரிந்தவர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு, எட்டை மூன்று மூன்று இரண்டாக உடைப்பது மிருதங்கக்காரர்களுக்கு அன்றாட வேலை. அதனால்தான் இந்தக் கலவை இயல்பாக உட்காருகிறது. வெளியிலிருந்து ஓர் அங்கத்தைத் தேடும்போது நமக்கு ஏற்கனவே பழக்கமான எதனோடாவது கை குலுக்கக்கூடியதாகத் தேடுங்கள்.

ஒரு பீட்டுக்கு இரண்டு எழுத்து என்று வைத்தால் எட்டு எழுத்து ஒரு பார், அதாவது நாலு பீட். வேகம் 90 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 90 பீட். காலால் பீட்டைத் தட்டிக்கொண்டே கையால் 3-3-2 தட்ட வரவேண்டும். முதல் நாள் வராது, காலும் கையும் சண்டை போடும். மூன்றாம் நாள் சரியாகிவிடும். இது கைக்கு வராமல் மென்பொருளில் சொடுக்கிச் சொடுக்கிப் போட்டால் பாட்டு அட்டைப்பெட்டி மாதிரி விறைப்பாக இருக்கும், பாடும்போது நீங்களே தடுமாறுவீர்கள்.

மெட்டு: ஐந்து ஸ்வரம் போதும்

மோகனத்தை எடுத்துக்கொண்டேன்: ச ரி க ப த. கீபோர்டில் ஸி-யைச் சட்ஜமாக (ச) வைத்தால் ஸி, டி, ஈ, ஜி, ஏ. உலகத்தில் எத்தனையோ இசைகளில் இந்த ஐந்து ஸ்வரமும் இருக்கின்றன, மேற்கத்தியர்கள் மேஜர் பென்டடானிக் என்பார்கள். தப்பான ஸ்வரம் விழ இடமே இல்லாததால் புதிதாக வருகிறவர்களுக்கு இதைத்தான் கையில் கொடுப்பேன்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கிரக பேதம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், மோகனத்தின் ஸ்வரங்களை மாற்றாமல் ஆதார ஸ்வரத்தை மட்டும் நகர்த்தினால் வேறு ராகங்கள் பிறக்கும். ரி-யைச் சட்ஜமாக நினைத்தால் மத்தியமாவதி, க-வை நினைத்தால் ஹிந்தோளம், ப-வை நினைத்தால் சுத்த சாவேரி, த-வை நினைத்தால் சுத்த தன்யாசி. சுத்த தன்யாசியின் ஐந்து ஸ்வரமும் ப்ளூஸ் கிட்டார்காரர்கள் காலம் காலமாகப் புரட்டி எடுக்கிற மைனர் பென்டடானிக்கும் ஒன்றுதான்.

கச்சேரியில் இது வித்வத்தைக் காட்டுகிற இடம், நம் மாதிரி அறையில் உட்கார்ந்து பாட்டு கட்டுகிறவர்களுக்கோ பேஸ் கருவி இதைச் சும்மா செய்துகொடுக்கும். மெட்டு மோகனத்திலேயே இருக்கட்டும். பேஸ் ச-வில் நின்றால் பாட்டு வெளிச்சமாக இருக்கும். அதே மெட்டைப் பாடிக்கொண்டே பேஸைக் கீழ் த-வுக்கு இறக்குங்கள், ஒரு ஸ்வரம்கூட மாறாமல் பாட்டின் முகம் வாடிவிடும். நான் இதை முதலில் கேட்டபோது அரைமணி நேரம் அந்த இரண்டு ஸ்வரத்தை மட்டும் மாற்றி மாற்றி அமுக்கிக்கொண்டிருந்தேன். சாவிப் பாட்டில் முதல் வரிக்குப் பேஸ் ச-வில், பதில் வரிக்குக் கீழ் த-வில்.

கார்டுக்கு வருவோம், நிறையப் பேர் தடுக்கி விழுகிற இடம். மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களுக்குள் முழுசாக அடங்கும் மூன்று ஸ்வரக் கார்ட்கள் இரண்டே இரண்டுதான்: ஸி மேஜர் (ச க ப), ஏ மைனர் (த ச க). எஃப் மேஜர் போட்டால் மத்தியமம் (ம) உள்ளே வந்துவிடும், ஜி மேஜர் போட்டால் நிஷாதம் (நி) வந்துவிடும். பழக்க தோஷத்தில் ஸி, எஃப், ஜி என்று மூன்றையும் அடித்துவிட்டு "ராகம் கேட்கவே மாட்டேங்குதே" என்று புலம்புவது இதனால்தான். வழிகள் உண்டு. இரண்டு கார்டிலேயே காலம் தள்ளலாம், பல நல்ல பாட்டுகள் அப்படித்தான் ஓடுகின்றன. அல்லது நடு ஸ்வரத்தை விட்டுவிட்டு இரண்டிரண்டாகப் பிடிக்கலாம்: ச-ப, ரி-த, ப-ரி, த-க, நாலுமே ராகத்துக்குள் அடங்கும். வேண்டுமென்றே வெளி ஸ்வரத்தை உள்ளே விடலாம், அதுவும் சரிதான், ஆனால் தெரிந்து விடுங்கள்.

கமகம் அதிகமான ராகத்தைத் தொட்டால் இன்னும் ஒரு படி கவனம் வேண்டும். தோடியின் காந்தாரம் (க) ஓரிடத்தில் நிற்காமல் ஆடும், அதன் அடியில் அசையாத கார்ட் ஒன்றைப் போட்டால் இரண்டும் முட்டிக்கொள்ளும். அந்த இடங்களில் ச-ப மட்டும் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது உத்தமம். கீபோர்டில் பெண்ட் சக்கரம் பெரும்பாலும் இரண்டு அரைஸ்வரம் வரை வளைக்கும்படி வைத்திருப்பார்கள், அதை வைத்துக் கமகம் வாசிக்கலாம், பழக வேண்டும். அப்புறம் தம்புராவையும் பியானோவையும் ஒன்றாக ஓடவிட்டால் காந்தாரத்தில் ஏதோ உறுத்தும், காது சரியாகத்தான் சொல்கிறது: தம்புராவின் மேல்ஒலியில் கேட்கிற காந்தாரம் சட்ஜத்திலிருந்து சுமார் 386 சென்ட் (ஒரு சென்ட் என்பது பியானோ அரைஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு), பியானோவில் 400. நான் தம்புராவை எடுத்துவிட்டேன்.

சரி, மெட்டு. சொல்லே இல்லாமல் தத்தகாரத்தில் பாடுங்கள், "தான தான தா" என்று, பத்து விதமாக. எனக்குக் கடைசியில் நின்றது: முதல் பாரில் ச ரி, க ரி, ச. இரண்டாம் பாரில் கீழ் த ச, ரி க, அப்புறம் ப-வில் ஏறி நிற்பது. ஒவ்வொரு ஜோடியிலும் முதல் ஸ்வரம் இரண்டு எழுத்து நீளம், அடுத்தது ஒன்று. வேறு எதுவும் இல்லை. இறங்கி ஏறுகிற சின்ன மேடு.

சொல்: குறிலும் நெடிலும் விளையாடுகிற இடம்

ஆங்கிலப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இங்கே ஒரு பொறி காத்திருக்கிறது. அந்த மொழியில் ஒரு சொல்லின் எந்த இடத்தை அழுத்துகிறோம் என்பது முக்கியம், பலமான பீட்டில் அழுத்தமான அசை விழவேண்டும். தமிழில் அழுத்தத்தைவிட நீளம்தான் பொருளைத் தீர்மானிக்கிறது. "மலை" என்பதில் ம-வை ஒரு பீட் இழுத்துவிட்டால் அது "மாலை". விடு வீடாகும், கொடு கோடாகும், கல் காலாகும். மெட்டு அழகாக இருக்கிறது என்று குறிலை இழுத்தால் கேட்கிறவர் வேறு பாட்டைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

அதனால் என் வழக்கம்: தத்தகாரத்தை எழுதி, நீளமான ஸ்வரத்துக்கு அடியில் ஒரு கோடு, குட்டைக்கு ஒரு புள்ளி. அப்புறம் நெடிலும் ஒற்றோடு வரும் குறிலும் கோட்டில், தனிக் குறில் புள்ளியில். ஒற்றோடு முடிகிற சொல்லின் கடைசி எழுத்து பாடும்போது குறுகிவிடும், அதனால் அதையும் புள்ளியில் உட்காரவைக்கலாம். நம் நடைக்குக் கோடு-புள்ளி, கோடு-புள்ளி, கோடு. சா-வி, மட்-டும், தான். பொருந்திவிட்டது, பேச்சில் பதிந்த வாக்கியத்திலேயே 3-3-2 ஒளிந்திருந்திருக்கிறது. அடுத்தது: கை-யில், உள்-ள, து.

இங்கேதான் மாட்டினேன். "உள்ளது" என்று முடிகிற து குற்றியலுகரம், இலக்கண வகுப்பில் தூங்கியிருந்தாலும் வாய்க்கு அது தெரியும், அரை மாத்திரையில் அணைந்துவிடுகிற எழுத்து அது. அதை மேல் ப-வில் இழுத்துப் பிடித்தால் "உள்ளதூஊஊ" என்று சகிக்காது. பாட்டு, காற்று, நேற்று, வந்தது, போனது, தமிழில் பாதிச் சொற்கள் இப்படித்தான் முடிகின்றன, வரிக் கடைசியில் நீண்ட ஸ்வரத்துக்கு இவை ஆகாது. ஏகாரம் சேர்த்தேன், "உள்ளதே". மெல்ல ஒரு பெருமூச்சும் சேர்ந்துகொண்டது. இந்த ஏகாரத்தை வரிக்கு வரி போட்டால் பழைய நாடகப் பாட்டு மாதிரி ஆகிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அளவோடு பயன்படுத்துங்கள்.

ஒற்றுகளையும் கவனியுங்கள். ம், ன், ல் போன்ற மெல்லின, இடையின ஒற்றுகளை முணுமுணுத்து நீட்டலாம், "தான்" என்பதில் ன் பேஸோடு கலந்து ஒலிக்கும். க், ட், ப், ற் வந்தால் காற்று அடைபடும், ஒரு நொடித்துணுக்கு மௌனம். "மட்டும்" என்பதில் அந்த ட் அடைபடுகிற இடத்தில் ஒரு கைத்தட்டலை வைத்தேன், ட்ரம் செய்ய வேண்டிய வேலையை வல்லினமே செய்தது. உச்ச ஸ்வரத்துக்கு ஆ, ஏ, ஓ மாதிரி வாய் திறக்கிற உயிர்கள் சுகம், ஈ-யில் கத்தினால் தொண்டை இறுகும்.

பதில் வரிக்கு மூன்று நாள் ஆனது. வந்தது இது:

சாவி மட்டும் தான் கையில் உள்ளதே
பூட்டும் வீடுமோ வேறு பேரிலே

எதுகை இல்லை, ஏகாரத்தில் முடிகிற இயைபு மட்டும் இருக்கிறது. "பேரிலே" என்பதற்கு எதுகையாக முன்னால் "ஊரிலே" என்று ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், ஒலி இனித்தது, பாட்டில் தேவையில்லாத ஒரு ஊர் வந்து நின்றது, எடுத்துவிட்டேன். எதுகை மோனை கிடைத்தால் லாபம், அதற்காகப் பொருளை அடகு வைக்காதீர்கள். முதல் எழுத்துகளில் மோனை கிடைத்தால் வாயில் ஒட்டும், அதைத் தேடுவது எதுகையைவிடச் சுலபமும்கூட.

வடிவம்: ஒன்று, மறுபடி அதே, அப்புறம் பதில்

ப்ளூஸின் 12 பார் வடிவம் எளிமையானது. நாலு நாலு பாராக மூன்று வரி. முதல் வரியைப் பாடு, அதையே திருப்பிப் பாடு, மூன்றாவதில் பதில் சொல். ஒவ்வொரு வரியும் சுமார் இரண்டு பாரில் முடிந்துவிடும், மீதி இரண்டு பாரில் கிட்டார் பேசும். நம் வரி எட்டும் எட்டுமாகச் சரியாக இரண்டு பார், ஆகவே அப்படியே உட்கார்ந்தது. சாவி வரி, கிட்டார். சாவி வரி மறுபடி, கிட்டார். பூட்டு வரி, பேஸ் கீழ் த-வுக்கு இறங்க, கிட்டார். 90 பிபிஎம்மில் மொத்தம் 32 நொடி.

முதல் வரியை இரண்டாம் முறை கேட்கும்போது பதிலுக்கு ஏங்கவைக்கிற வேலையை இந்த வடிவம் செய்துவிடுகிறது. ப்ளூஸின் கார்ட்களை நான் தொடவே இல்லை, மேலே சொன்ன ஒரே அங்கம் கணக்குப்படி. தொட்டிருந்தால் மத்தியமமும் நிஷாதமும் கூட்டமாக வந்து மோகனத்தை விரட்டியிருக்கும்.

பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று போவதிலும் தவறு ஒன்றும் இல்லை. சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும்போது பல்லவியின் பொருள் கொஞ்சம் மாறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதே பொருளில் திரும்பினால் இரண்டாம் முறை கேட்பவர் கவனம் போனுக்குப் போய்விடும்.

டெமோ

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் கருவிகளைப் பற்றிப் படித்துப் படித்தே பாட்டு எழுதாமல் போனவர்கள் நிறைய. ரீப்பர், கராஜ்பேண்ட், ஆடாசிட்டி, எது கையில் இருக்கிறதோ அது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். குரலின் உச்சம் மைனஸ் 10 டெசிபல் பக்கத்தில் நிற்கும்படி மைக் அளவை வையுங்கள். துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து அதைப் பார்த்துப் பாடினால் அறையின் எதிரொலி குறையும். பாடும்போது உங்கள் குரல் ஹெட்போனில் தாமதமாக வந்தால் மென்பொருள் அமைப்பில் பஃபர் அளவை 128 சாம்பிளுக்கு இறக்குங்கள். முதலில் கைத்தட்டல், பிறகு கிட்டார், குரல், கடைசியில் பேஸ். நாலு டிராக். ஐந்தாவது வேண்டும் என்று தோன்றினால் அன்றைக்கு மென்பொருளை மூடிவிடுங்கள்.

வெட்டுவது

டெமோவை மூன்று நாள் கேட்காதீர்கள். நாலாம் நாள் கேட்கும்போது ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு, கவனம் சிதறுகிற நொடியை மட்டும் குறியுங்கள். காரணம் யோசிக்க வேண்டாம், நேரத்தை எழுதினால் போதும். அப்புறம் இன்னும் இரண்டு பேருக்குப் போடுங்கள், "நல்லா இருக்கா" என்று கேட்காதீர்கள், எல்லோரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள், பாவம். "எந்த இடத்தில் வேறு யோசனை வந்தது?" என்று கேளுங்கள். மூவரின் குறிப்பும் ஒரே நொடியைக் காட்டினால் அந்த இடத்தை வெட்டலாம்.

சாவிப் பாட்டில் முதலில் 40 நொடி முன்னிசை இருந்தது, எனக்கு மிகவும் பிடித்த கிட்டார். மூன்று பேரும் அங்கேதான் தொலைந்தார்கள். இப்போது முதல் கைத்தட்டலிலிருந்து ஐந்தரை நொடிக்குள், அதாவது இரண்டு பாரில், குரல் வந்துவிடுகிறது.

இன்னொரு சோதனை: எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கை தட்டிக்கொண்டு மட்டும் பாடுங்கள். அப்போதும் கியூபத் தாளமும் மோகனமும் ப்ளூஸின் திருப்பமும் கேட்கின்றனவா? கேட்டால் கலவை எலும்பில் இருக்கிறது. என் வீணை லூப் பாட்டை இப்படிப் பாடியிருந்தால் மிஞ்சியது சாதாரணமான ஒரு மெட்டு, அவ்வளவுதான்.

உரிமை பற்றி ரெண்டு வார்த்தை

தாள நடை, ராகம், 12 பார் வடிவம் இவையெல்லாம் யாருடைய தனிச் சொத்தும் இல்லை, தாராளமாக எடுக்கலாம். ஒருவர் கட்டிய மெட்டும் எழுதிய வரியும் அவருடையவை. ஒருவர் பதிந்த ஒலியை வெட்டி உங்கள் பாட்டில் வைத்தால் இரண்டு அனுமதி வேண்டும், பதிவின் உரிமையாளரிடம் ஒன்று, பாட்டின் உரிமையாளரிடம் ஒன்று. விலைக்கோ இலவசமாகவோ கிடைக்கும் லூப்களின் உரிமத்தை முழுசாகப் படியுங்கள், அதே லூப் ஆயிரம் பாட்டில் இருக்கும், தளங்களின் தானியங்கிச் சோதனை உங்கள் பாட்டை வேறு யாருடையதோ என்று பிடித்துவைக்கலாம். 1886-இல் உருவான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்துள்ள நாடுகளில் நீங்கள் எழுதிப் பதிந்த பாட்டுக்குத் தனியாக எங்கும் போய்ப் பதிவு செய்யாமலே உரிமை பிறந்துவிடும், ஆனாலும் தேதியோடு கோப்புகளை வைத்திருங்கள், முன்னால் சொன்ன பெயர் வைக்கிற பழக்கம் இங்கேயும் உதவும்.

கூட ஒருவர் வாசித்தாலோ வரி எழுதினாலோ யாருக்கு எத்தனை பங்கு என்பதை அன்றைக்கே ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பாட்டு ஓடாதபோது இதைப் பேசுவது சுலபம், ஓடிவிட்டால் பேசவே முடியாது. எனக்கு ஒரு நட்பு இப்படித்தான் போனது.

சாவிப் பாட்டுக்கு இன்னும் இரண்டாவது 12 பார் எழுத வேண்டியிருக்கிறது. திருப்பிப் பாடுகிற வரி கிடைத்துவிட்டது, பதில் வரியில் கடைசி இரண்டு எழுத்துக்கு ஒரு நெடில் வேண்டும், குற்றியலுகரமாகவே வந்து மாட்டிக்கொண்டிருக்கிறது.